கடைசிப் பெட்டியில் அக்காவின் ஏக்கர்

1

நோர்வேயில் கேக் யாருக்காக வெட்டப்படுகிறதோ அவரேதான் அதை வாங்கிக்கொண்டு வரவேண்டும். பிறந்தநாளுக்கு அப்படி என்பது வந்த முதல் வருடமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரே நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை செய்தவளுக்கு நிறுவனம் வாங்கித் தரும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். போன மாசி மாதம், வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போய், மதியச் சாப்பாட்டு மேசையில் அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். என்னோடு வேலை செய்யும் இங்ரிட் என் பையைப் பார்த்தாள். எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு திரும்பி வந்து என்னைப் பார்த்தாள்.

"கேக் காரிலா இருக்கிறது?" என்றாள்.

என்னிடம் கார் இல்லை. கேக்கும் இல்லை. "இதோ வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, சறுக்கிச் சறுக்கிக் கடைக்கு ஓடி, இருந்ததில் பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். முதல் வருடம் ஒரு விருந்தில் வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்து, நான் நல்ல குடிவெறியில் இருக்கிறேன் என்று நோர்வே மொழியில் அறிவித்த கதையை இங்ரிட் மறுபடி எடுத்து விட்டாள். ஐந்து வருடமாக அந்தக் கதைக்கு வயதாகவில்லை. நானும் சிரித்தேன். எனக்கு அன்று எதற்கும் சிரிக்கலாம் போலிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. அக்கா ஆறாம் வகுப்பில் இருந்தபோது சண்டை வந்து எங்கள் ஊரான வவுணதீவை விட்டு இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வயலில் ஆள் தேவைப்பட்டது, அக்கா வயலுக்குப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தேன். ட்ரொண்ட்ஹெய்ம் நகரில், மென்பொருள் எழுதும் ஒரு நிறுவனத்தில், எங்கள் ஊர் வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைப் பெண் ஒருத்தி ஐந்து வருடம் நின்று பிடித்திருக்கிறாள் என்றால் அது சின்ன விஷயம் இல்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

இரண்டாவது துண்டு கேக்கை வாயில் வைத்தபோது தொலைபேசி அதிர்ந்தது. அக்காவின் குரல் செய்தி.

"புள்ள, எங்கட வயல் லிஸ்ட்ல இல்லையாம். மெசின் ஞாயித்துக்கிழமையோட போகுதாம். மழையும் இருட்டிக்கொண்டு வருது. நீ ஒருக்கா எடு."

2

அந்த லிஸ்ட் நான் செய்தது.

எங்கள் வட்டையில், அதாவது ஒரே வாய்க்காலில் நீர் பாயும் வயல்களின் தொகுதியில், எல்லோரும் ஒரே காலத்தில் விதைக்கிறார்கள். அதனால் எல்லோருடைய நெல்லும் ஒரே காலத்தில் பழுக்கிறது. வெட்டுகிற மெசினை ஏறாவூரில் இருந்து நவாஸ் காக்கா, அதாவது நவாஸ் அண்ணன், அனுப்புவார். இந்த வட்டையில் இத்தனை ஏக்கர், இத்தனை நாள், அது முடிந்ததும் மெசின் லொறியில் ஏறி அடுத்த வட்டைக்குப் போய்விடும். அங்கேயும் நெல் தலை சாய்ந்து நிற்கும். ஆகவே யார் யார், எத்தனை ஏக்கர் என்று வட்டைக் கமிட்டி முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும்.

முன்பு அந்த வேலை தம்பிராசா மாமாவுடையது. சொந்தத்தில் மாமா இல்லை. ஊரில் அந்த வயதுக்காரர் எல்லோரும் மாமாதான். அவர் பட்டியலை மனதில் வைத்திருப்பார், மனதில் இருந்து நவாஸ் காக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லுவார், பாதி வழியில் இருவருக்கும் சண்டை வரும். இரண்டு வருடத்துக்கு முன் கூட்டத்தில் அக்காவைச் செயலாளர் ஆக்கினார்கள். எங்கள் வட்டையில் அந்த இடத்தில் பெண் ஒருத்தி இருப்பது அதுவே முதல் தடவை. நான் உடனே ஒரு மடிக்கணினி அனுப்பினேன். கணினியோடு போக ஒரு சின்ன மென்பொருளும் எழுதினேன். விவசாயிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு பெட்டி. ஒவ்வொரு போகத்துக்கும் அந்தப் பெட்டியில் ஏக்கரை மட்டும் அடித்தால் போதும். சேமித்ததும் பட்டியல் அழகான படமாக மாறும். அதை வாட்ஸ்அப்பில் நவாஸ் காக்காவுக்கு அனுப்பலாம். அந்தப் போகம் செய்யாதவர்களின் பெட்டி பூச்சியமாக இருக்கும். பூச்சியம் உள்ளவர்களைப் படத்தில் காட்டாதே என்று ஒரு வரியும் எழுதி வைத்தேன். அந்த வரியை எழுதியபோது என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

போன போகம் வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தம்பிராசா மாமாகூட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "எழுத்து நல்ல உறுப்பாத்தான் கிடக்கு" என்றாராம். அவரிடமிருந்து அது பெரிய பரிசு.

3

வேலை முடிந்து பஸ்ஸில் இருந்தபடி அக்காவைத் தொலைபேசியில் எடுத்தேன்.

"நீ உன்ட ஏக்கர அடிக்க மறந்திருப்பாய் அக்கா."

"மறக்கல்ல புள்ள. மூண்டு எண்டு அடிச்சன். அடிச்சத என்ட ரெண்டு கண்ணாலயும் கண்டன்."

"கண்டிருந்தா கோப்புல இருக்கோணுமே."

"கோப்ப நான் எங்க காண்கிற? திரையில இருந்ததத்தான் கண்டன். இப்ப திறந்து பாத்தா பூச்சியம் எண்டு நிக்குது. பேய் வந்து அழிச்சிட்டுப் போயிட்டுதோ?"

"போன போகம் சரியாத்தானே வந்தது? மென்பொருள நான் ஒண்டும் மாத்தல்ல."

"அப்ப நான்தான் பொய் சொல்லுறன் எண்டுறாய்."

"பொய் இல்ல. மறதி எண்டுறன்."

அக்கா சொன்னாள்: "இஞ்ச தம்பிராசா மாமாவும் அதத்தான்கா சொல்லிக்கொண்டு திரியிறார். ஊருக்கெல்லாம் ஏக்கர் எழுதினவ தன்ட வயல மறந்திட்டாவாம். அடுத்த கூட்டத்தில அந்தக் கணினிப் பெட்டிய மூடி வைப்பம், நான் பழையபடி வாயால சொல்லுறன் எண்டுறார். வைக்கிறன்."

போனை வைத்துவிட்டாள். பஸ் ஜன்னலில் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தக் காலத்தில் பழுத்த நெல்லில் மழை விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கதிர் சாயும், சாய்ந்த கதிர் சேற்றில் முளைக்கும், பிறகு மெசினும் இறங்காது. அக்காவுக்கும் அம்மாவுக்கும் அந்த வருடம் அந்த மூன்று ஏக்கர்தான். அதைவிட, செயலாளர் என்று ஊர் கூப்பிட ஆரம்பித்த பிறகு அக்காவின் நடையில் வந்த ஒரு நிமிர்வு இருக்கிறதே, அதை நான் வீடியோவில்கூடப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மென்பொருளை என் கணினியில் ஓடவிட்டேன். சந்தேகம் அக்காவின் வரியில்தானே? ஆகவே அதைத்தான் முதலில் அடித்தேன். பிறகு வேறு இரண்டு மூன்று பெயர்களுக்கும் அடித்துவிட்டுச் சேமித்தேன். திறந்து பார்த்தேன். அக்காவின் மூன்று ஏக்கர் அசையாமல் இருந்தது.

"பாத்தியா, மறதிதான்" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் தேய்த்துக் கழுவினார். அவர் அப்படித் தேய்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும்.

4

இடையில் ஒரு கதை. இதற்குச் சம்பந்தம் உள்ள கதைதான்.

போன வருடம் நாங்கள் வீடு மாறினோம். இங்கே வீடு மாறினால் ஒரு அலுவலகத்தின் இணையப் பக்கத்துக்குப் போய் முகவரியைத் திருத்த வேண்டும். திருத்தினேன். திரையில் புது முகவரி வந்தது. பச்சை நிறத்தில் நன்றியும் சொன்னது. ஆனால் கடிதங்கள் பழைய வீட்டுக்கே போயின. அதுவும் என் பெயருக்கு இல்லை. இங்கே அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டதால், வவுணதீவை விட்டுக் கொழும்புக்கே இரண்டு தரம்தான் போன எங்கள் அப்பாவின் பெயருக்கு. தொலைபேசியில் கேட்டேன்.

"எங்கள் திரையில் எல்லாம் சரியாக இருக்கிறதே" என்றார் அந்த அலுவலர்.

"உங்கள் திரையில் இருப்பது உங்கள் கோப்பில் இல்லை" என்றேன்.

அவர் அதை ஏதோ தத்துவம் என்று நினைத்து, "அழகாகச் சொன்னீர்கள்" என்றார். அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் என்னை வேறொரு இலக்கத்துக்கு மாற்றிவிட்டதுதான். அந்த மென்பொருளை எழுதியவர்களை நான் இங்ரிட்டிடம் ஒரு வாரம் கிண்டல் செய்தேன்.

தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு பெட்டியில் எதையாவது அடித்தால், அது மூன்று இடங்களைக் கடக்க வேண்டும். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் திரை. இரண்டு, கணினியின் நினைவு. மூன்று, கணினியை அணைத்தாலும் அழியாத கோப்பு. திரையையும் நினைவையும் இணைத்துவிடுவதைத் தரவுப் பிணைப்பு என்கிறோம். பிணைத்துவிட்டால் ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் தானாக மாறும். நம்முடைய ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். வயலில் வரம்பு கட்டிப் பிரித்த ஒரு வரவையில் இருந்து அடுத்த வரவைக்கு நீர் போக வரம்பில் ஒரு வாய் வெட்டி விடுவோமே, வக்கடை, அதுதான் பிணைப்பு. திரை முதல் வரவை. நினைவு இரண்டாவது. கோப்பு மூன்றாவது. சேமிக்கும்போது இரண்டாவதில் இருக்கும் நீர் மூன்றாவதுக்குப் போகும். முதலாவதில் நிற்கும் நீரைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது.

இவ்வளவும் தெரிந்தவள்தான் அக்காவிடம் மறதி என்று சொன்னேன்.

5

அடுத்த நாள் சனிக்கிழமை. காலையிலேயே அக்காவை வீடியோவில் எடுத்தேன். அங்கே மத்தியானம். அக்காவின் முகம் வெள்ளிக்கிழமைக் குரல் போலவே இருந்தது. பின்னால் அம்மா கதவு நிலையில் சாய்ந்து நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் என் மகள் ஆரணி வர்ணப் பென்சில்களோடு உட்கார்ந்திருந்தாள். நாலு வயது. வீட்டில் தமிழ்தான் கதைக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை அவள் நோர்வே மொழியில் கேட்டு நோர்வே மொழியில் மீறுவாள். குடும்பத்தை வரைந்துகொண்டிருந்தாள். நடுவில் அவள், பெரிதாக, கிரீடத்தோடு. ஓரத்தில் நாங்கள் இருவரும் தீப்பெட்டிக் குச்சிகள் போல. "அம்மாவை முதல்ல கீறலாமே?" என்றேன். பாலர் பள்ளியில் எல்லோரும் தங்களைத்தான் முதலில் கீறுவார்களாம். ஆசிரியையே அப்படித்தான் சொன்னாராம்.

"அக்கா, அண்டைக்கு எப்பிடிச் செய்தியோ அப்பிடியே ஒருக்காச் செய். உன்ட போன, கணினியப் பாக்கிற மாதிரிச் சாய்ச்சு வை. நான் பாக்கிறன்."

"உனக்கு இப்பவும் நம்பிக்கை இல்லை."

"செய்து காட்டன்."

அக்கா தொடங்கினாள். முதல் பெயர், ஏக்கர். இரண்டாவது பெயர், ஏக்கர். ஒற்றை விரலால், ஒவ்வொரு எண்ணையும் வாயால் சொல்லிச் சொல்லி. ஐம்பதுக்கு மேல் பெயர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எல்லாரையும் அடிக்கத் தேவையில்ல. உன்ட வரிய மட்டும் அடி, காணும்."

அக்கா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "அதெப்பிடி? ஊர்ச் சனமெல்லாம் நிக்கக்குள்ள என்டதையா முதல்ல போடுற?"

"இது சோதனைதானே அக்கா!"

"சோதனையெண்டாலும்."

"ஆரும் பாக்கப் போறதில்ல."

"நீ பாக்கிறாய்தானே. மறுகா ஊர்ல போய்ச் சொல்லுவாய், கமிட்டி வேலையில தன்டதத்தான் முதல்ல பாத்தவ எண்டு."

பின்னால் இருந்து அம்மா, "அவள் சொல்லுறது சரிதானே. கறிய வைச்சுக்கொண்டு தன்ட சோத்துக் கோப்பைக்கா முதல் போடுற?" என்றாள். அம்மாவுக்கு மென்பொருள் தெரியாது. ஆனால் அன்று இருவரும் ஒரே கட்சி.

எங்களுக்கு அது பழக்கம். பந்தியில் பரிமாறியவள் கடைசியில் சாப்பிடுவாள். ஊர் வேலைக்குப் பெயர் சேர்ப்பவன் தன் வீட்டைக் கடைசியில் எழுதுவான். அக்கா செயலாளரானதும் பட்டியலில் தன் பெயரை அடிமட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். நான்கூட அதைப் பார்த்து, அது அவளுடைய பண்பு என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா அடித்தாள். ஆரணி கிரீடத்துக்கு மஞ்சள் பூசினாள். கடைசியாக அக்காவின் வரி வந்தது. "மூண்டு" என்று சொல்லி அடித்தாள். உடனே இடது கையால் இரண்டு விசைகளைச் சேர்த்து அமத்தினாள், கன்ட்ரோலும் எஸ்ஸும். "முடிஞ்சுது, பாத்துக்கொள்" என்று எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

திரையில் அக்காவின் பெட்டியில் மூன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் சின்னக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. கேர்சர் இன்னும் அந்தப் பெட்டிக்குள்ளேயே நின்றது.

"ஐயோ அக்கா" என்றேன். "மறதி இல்ல. நான்தான்."

6

நடந்தது இதுதான். நான் வெட்டியிருந்த வக்கடை எந்நேரமும் திறந்திருக்கும் வக்கடை அல்ல. ஒரு பெட்டியில் அடித்துவிட்டு அடுத்த பெட்டிக்குக் காலெடுத்து வைக்கும்போதுதான் அது திறக்கும். பெட்டியை விட்டு வெளியேறும்வரை, அடித்தது திரையில் மட்டும் நிற்கும், நினைவுக்கே போகாது. எழுதும்போது நான் எதையும் தெரிவு செய்யாமல் விட்டால், மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் வழி அதுதான். போன போகம் வரைக்கும் அக்கா மௌஸை நகர்த்தி, கீழே இருந்த பெரிய சேமிப்புப் பொத்தானைத் தட்டினாள். தட்டும்போது பெட்டியை விட்டு வெளியே வந்தாள், வக்கடை திறந்தது, நீர் போனது. பிறகு நான் பெரிய கெட்டிக்காரியாக, "மௌஸத் தேடிக்கொண்டிருக்காத அக்கா, இந்த ரெண்டையும் அமத்து, எங்கட ஆபீஸ்ல எல்லாரும் இப்பிடித்தான்" என்று சொல்லிக்கொடுத்தேன். விசைகளை அமத்தினால் கேர்சர் நகராது. கடைசிப் பெட்டி பூட்டியபடியே இருக்கும். கோப்புக்குப் போனது பூச்சியம். பூச்சியம் உள்ளவர்களைக் காட்டாதே என்ற என்னுடைய கெட்டிக்கார வரி, அக்காவைப் படத்தில் இருந்தே எடுத்துவிட்டது.

தன் பெயரை முதலில் எழுதுகிற ஊரில் இந்தப் பிழை யாரையாவது பிடிக்கும், சிலவேளை யாரையும் பிடிக்காமல் போகும். எங்கள் ஊரில் அது ஒவ்வொரு தடவையும் எழுதினவளையே பிடிக்கும். வெள்ளிக்கிழமை நான் சோதித்தபோது சரியாக வந்ததும் அதனால்தான்: அக்காவின் வரியை முதலில் அடித்துவிட்டு அதைத் தாண்டிப் போயிருந்தேன்.

அக்காவுக்கு இதை விளங்கப்படுத்தினேன். வக்கடை என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நான் மறக்கல்ல."

"நீ மறக்கல்ல."

"பேயும் வரல்ல."

"பேய் ட்ரொண்ட்ஹெய்ம்ல இருக்கு."

அம்மா சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "இத எனக்குச் சொல்லி என்ன?" என்றாள். "தம்பிராசா மாமாக்குச் சொல்லு. நாளைக்கு மெசின் போயிடும்."

7

வட்டைக் கமிட்டிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நானும் அதில் இருக்கிறேன். நவாஸ் காக்காவும் இருக்கிறார். பெரும்பாலும் காலை வணக்கமும் சாமிப் படமும், வெள்ளிக்கிழமைகளில் நவாஸ் காக்காவின் துஆப் பிரார்த்தனையும் வரும். அதில் குரல் செய்தி போட்டேன். இரண்டு தடவை பதிந்து அழித்தேன். இரண்டிலும் நான் அலுவலகத்தில் பேசுவதுபோல் பேசியிருந்தேன். மூன்றாவது தடவை இப்படிச் சொன்னேன்:

"எல்லாருக்கும் வணக்கம். லிஸ்ட்ல அக்காட வயல் விடுபட்டது அக்காட மறதியில்ல. அவ அடிச்சவ. நான் எழுதின மென்பொருள்ல பிழை. கடைசியா அடிக்கிறவங்கட ஏக்கர அது கோப்புல எழுதாம விட்டுட்டுது. அக்கா எப்பவும் தன்டதக் கடைசியாத்தான் போடுவா, அது உங்களுக்குத் தெரியும். பிழை என்ட. நவாஸ் காக்கா, மூண்டு ஏக்கர், ஏதும் செய்யேலுமா?"

அனுப்பிவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். நான் படித்தவள் என்று எல்லோருக்கும் தெரிந்த குழுவில், பிழை என்ட என்று சொல்வது சுலபமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

முதலில் வந்தது நவாஸ் காக்காவின் குரல்.

"மகள், பிழ எல்லாருக்கும் வாறதான். ஆனா நான் என்ன செய்யிற செல்லுங்க? நாளைக்கு அஸர் தொழுகைக்கு முன்ன லொறி வந்திரும். அங்கால வட்டக்காரங்க இப்பவே போன் கோல் எடுத்து என்னத் திங்கிறாங்க. இரிக்கிற நேரத்துக்குள்ள தம்பிராசா அண்ணன்ட நாலு ஏக்கரும் கிடக்கு. இன்னும் மூண்டு ஏக்கருக்கு நான் எங்க போய் நேரம் எடுக்கிற?"

நான் போனைத் திருப்புவதும் கவிழ்ப்பதுமாக இருந்தேன். ஆரணி தன் படத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். அதை எத்தனை தரம் பாராட்டினேன் என்று எனக்கே தெரியாது.

தம்பிராசா மாமாவின் குரல் செய்தி வந்தது. முதலில் இருமல். பிறகு:

"நவாஸ், என்ட வயல்ல வாய்க்காலடிப் பக்கம் இன்னும் பச்ச கிடக்கு. நான்தான் அவசரப்பட்டு வெட்டச் சொன்ன. பச்ச வயல்களுக்கு நீ எப்பிடியும் மறுகா ஒருக்கா மெசின் அனுப்புவாய்தானே? அப்ப என்டதையும் வெட்டு. நாளைக்குச் செயலாளர்ட வயல வெட்டு." மறுபடி இருமினார். "அங்க குளிருக்குள்ள இருக்கிற புள்ளைக்கும் சொல்லுறன். ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டுத் தன்டதக் கடைசியாப் போட்டவளுக்கு வயல் இல்லாமப் போனா, இனி ஆர் கடைசியா எழுதுவான்? எல்லாரும் முதல்லயே எழுதத் தொடங்கிருவானுகள். அது கூடாது."

நவாஸ் காக்கா ஒரு கட்டைவிரலை அனுப்பினார். அதற்குக் கீழே ஊரே கட்டைவிரல் அனுப்பியது. யாரோ ஒருவர் பழக்கத்தில் ஒரு பிள்ளையார் படத்தையும் போட்டார்.

8

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வயலை வெட்டினார்கள். அக்கா வரம்பில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினாள். மெசினின் சத்தத்தில் அம்மா ஏதோ கத்திச் சொல்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. வானம் கரும்பச்சையாக இருந்தது. மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி ட்ரக்டரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் மழை இறங்கியதாம். அடுத்த வாரம் வெயில் அடித்தது. தம்பிராசா மாமாவின் நெல்லும் பழுத்து, மெசின் மறுபடி வந்து வெட்டியது. "என்ட நெல்லுதான் இந்தமுறை எடை கூட" என்று அவர் கடைத்தெருவில் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. நேரம் கொடுத்ததால்தான் நெல் நன்றாக முற்றியது என்றாராம், ஏதோ அது அவருடைய திட்டம் போல.

நான் மென்பொருளைத் திருத்தினேன். திருத்தம் என்று பார்த்தால் மிகச் சின்னது. ஒவ்வொரு எழுத்தையும் அடிக்கும்போதே வக்கடை திறக்க வேண்டும் என்று ஒரு சொல். நினைவு மாறும்போதெல்லாம் கோப்பும் தானாக எழுதப்பட வேண்டும் என்று இன்னும் சில வரிகள். அதோடு, பூச்சியம் உள்ளவர்களைப் படத்தின் அடியில் "இந்தப் போகம் இல்லை" என்று காட்டும்படி மாற்றினேன். யாரையும் சத்தமில்லாமல் மறைக்கிற வரி இனி என் மென்பொருளில் இருக்காது. இங்ரிட்டிடம் காட்டினேன். "உன் அக்காவிடம் தன் பெயரை மேலே போடச் சொல்லியிருக்கலாமே, ஒரு நிமிட வேலை" என்றாள். சொல்லியிருக்கலாம். அக்கா கேட்டிருக்க மாட்டாள். கேட்டிருந்தால் எனக்குத்தான் பிடித்திருக்காது.

புது மென்பொருளை அனுப்பிய அன்று அக்காவை வீடியோவில் எடுத்தேன்.

"இப்ப என்ன மாறியிருக்கு?" என்றாள்.

"உனக்கு ஒண்டும் மாறல்ல. நீ அடிக்கிற மாதிரியே அடி."

"எத அமத்துற?"

"ஒண்டையும் அமத்தாத. அடிச்சிட்டுக் கணினிய அப்பிடியே மூடு."

"சேமிக்காமலா?"

"சேமிக்காமத்தான்."

அக்கா என்னை நம்பவில்லை. அது நியாயம். இருந்தாலும் பெயர் பெயராக அடித்தாள், தன்னுடையதைக் கடைசியில். பிறகு ஒரு பாம்புப் பெட்டியை மூடுவதுபோல் கணினியை மூடினாள். இரண்டு கையையும் அதன் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திறந்தாள். விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே, ஒவ்வொரு பெயராக, கடைசி வரி வரை இறங்கினாள்.

விரல் நின்றது.

"இருக்கிறன்" என்றாள்.